மழையிலிருந்து நீர்மட்டம் வரை: வெள்ள மாதிரியின் அடிப்படைகள்

1945 பிப்ரவரி. பெல்ஜிய எல்லையோரம் பிறந்து, ஜெர்மனி வழியாக ஓடி, நெதர்லாந்தில் மாஸ் ஆற்றோடு சேரும் ரோயர் ஆற்றின் கரையில் அமெரிக்க 9ஆம் படை காத்திருந்தது. (தொழில் நகரங்கள் சூழ்ந்த ரூர் ஆறு வேறு, இது வேறு.) 10ஆம் தேதி ஆற்றைக் கடப்பதாகத் திட்டம். அதற்குச் சற்றுமுன், பின்வாங்கிய ஜெர்மன் படையினர் மேலே இருந்த ஸ்வாமெனாவெல் அணையில் கைவைத்தார்கள். அவர்கள் அணைச் சுவரைத் தகர்க்கவில்லை. நீர் வெளியேறும் வால்வுகளை மட்டும் திரும்ப மூட முடியாதபடி சிதைத்துவிட்டார்கள். சுவரை உடைத்திருந்தால் பெரிய அலை ஒன்று வந்து சீக்கிரமே வடிந்திருக்கும். வால்வை உடைத்ததால் அதே நீர் நாள்கணக்கில் நிற்காமல் வந்தது. பள்ளத்தாக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் நீரில் கிடந்தது.

ஒரே அளவு நீர்தான். அது வரும் விதம் மாறினால் வெள்ளமும் மாறிவிடுகிறது. நீர்வளப் பொறியியலில் முதுநிலைப் படிப்புக்கு வரும் இராணுவப் பொறியாளர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். எவ்வளவு நீர், எந்த நேரத்தில், எந்த உயரத்தில் என்ற மூன்று கேள்விகளுக்கும் வரிசையாக விடை சொல்லும் கணக்குத்தொடருக்குப் பெயர்தான் வெள்ள மாதிரி. கணினித் திரையில் நீல நிறம் பரவுவது கடைசிப் படம் மட்டும்தான்.

இராணுவத்துக்கும் வெள்ளத்துக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். அமெரிக்காவில் இராணுவப் பொறியாளர் படைக்குப் பாலம் போடுவது, கண்ணிவெடி அகற்றுவது தவிர, உள்நாட்டு ஆறுகளையும் அணைகளையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் உண்டு. 1927இல் மிசிசிப்பி கரையுடைத்துப் பெரும் நிலப்பரப்பை மூழ்கடித்தது. அதைத் தொடர்ந்து 1929இல் விக்ஸ்பர்க் நகரில் அந்தப் படை ஒரு நீரியல் ஆய்வு நிலையத்தை அமைத்தது. 1936இன் வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்த வேலையை நாடு முழுவதற்கும் விரித்தது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943இல் மிசிசிப்பி வடிநிலம் முழுவதையும் கான்கிரீட்டில் சிறிதாக வார்க்கத் தொடங்கினார்கள். நீளவாட்டில் 2000க்கு 1, உயரத்தில் 100க்கு 1 என்பது அளவுகோல். ஜெர்மன் போர்க்கைதிகள் அங்கே மண் வெட்டினார்கள். 1952இல் மிசௌரி ஆறு பெருகியபோது, எந்த இடத்தில் நீர் எவ்வளவு உயரும் என்பதை இந்தக் கான்கிரீட் மாதிரியில் ஓடவிட்டுப் பார்த்துத்தான் முன்கூட்டிச் சொன்னார்கள்.

அந்த வேலையை இன்று மென்பொருள் செய்கிறது. அதே படையின் நீரியல் பொறியியல் மையம் 1964இல் தொடங்கப்பட்டது. இப்போது கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் இயங்குகிறது. அதன் பெயர்ச்சுருக்கம் ஹெக். மழையை நீரோட்டமாக மாற்றுவது ஹெக்-எச்எம்எஸ். நீரோட்டத்தை நீர்மட்டமாக மாற்றுவது 1995இல் வெளிவந்த ஹெக்-ராஸ். இரண்டும் இலவசம், உலகெங்கும் பயன்பாட்டில் இருப்பவை. முதுநிலைப் படிப்பில் நீரியல், திறந்த கால்வாய் நீர்விசையியல், புள்ளியியல், எண்முறைக் கணிதம், ஜிஐஎஸ் (கணினி வரைபடத் தகவல் முறை) என்று பாடங்கள் பல இருக்கும். அவை எல்லாம் வந்து கூடும் இடம் இந்த இரண்டு மென்பொருள்களும் அவற்றின் கோப்புகளும்தான்.

எவ்வளவு நீர்

1 சதுர கிலோமீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1000 கன மீட்டர் நீர். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கணக்கை விரல்விட்டே போட்டுவிடலாம்.

50 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புப் பகுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 6 மணி நேரத்தில் 120 மி.மீ. மழை. மொத்தம் 60 லட்சம் கன மீட்டர். இதில் ஆற்றுக்கு வந்து சேர்வது எவ்வளவு? இலை நனைகிறது, பள்ளம் நிரம்புகிறது, மண் உறிஞ்சுகிறது. மிச்சம்தான் ஓடுகிறது.

அந்த மிச்சத்தைக் கண்டுபிடிக்க அதிகம் பயன்படுவது, அமெரிக்க மண்வளப் பாதுகாப்புத் துறை உருவாக்கிய வளைவு எண் முறை. மண்ணின் வகை, நிலத்தின் மேல் இருப்பது என்ன (காடா, வயலா, தார்ச்சாலையா), மழைக்கு முன் நிலம் எவ்வளவு ஈரமாக இருந்தது ஆகிய மூன்றையும் வைத்து அட்டவணையிலிருந்து ஓர் எண்ணை எடுப்பார்கள். அது 100 என்றால் ஒரு சொட்டும் உள்ளே போகாத தரை. எண் குறையக் குறைய உறிஞ்சல் அதிகம்.

நம் பகுதிக்கு எண் 75 என்று வைப்போம். 25400ஐ 75ஆல் வகுத்து 254ஐக் கழித்தால் 84.7 மி.மீ. இது அந்த நிலம் பிடித்துவைக்கக்கூடிய உச்ச அளவு. அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 16.9 மி.மீ., ஓட்டம் தொடங்கும் முன்பே போய்விடும் தொடக்க இழப்பு. மழையிலிருந்து தொடக்க இழப்பைக் கழித்தால் 103.1. அதன் வர்க்கத்தை, 103.1உடன் 84.7ஐக் கூட்டி வரும் தொகையால் வகுக்க வேண்டும். விடை 56.6 மி.மீ. ஆக, 120இல் பாதிக்கும் சற்றுக் குறைவாக ஓடுகிறது, 28.3 லட்சம் கன மீட்டர்.

இப்போது வளைவு எண்ணை மட்டும் 85 ஆக்குங்கள். அதே மழை, அதே பரப்பு. ஓடும் நீர் 79.1 மி.மீ. ஆகிவிடும். எண்ணில் பத்துப் புள்ளி கூடியதற்கு நீர் 40 சதவீதம் கூடிவிட்டது. முதல்முறை மாதிரி செய்பவர் அட்டவணையில் ஒரு வரி மேலே பார்த்தாரா கீழே பார்த்தாரா என்பதே இவ்வளவு வித்தியாசத்தைக் கொண்டுவந்துவிடும். முந்தைய வாரம் நல்ல மழை பெய்து நிலம் ஊறிக் கிடந்தாலும் 75 என்று பதிந்த இடம் 85க்கு மேல் போனதைப் போலத்தான் நடந்துகொள்ளும். ஆகவே எண்ணைப் பதிவதற்கு முன் கடந்த ஐந்து நாள் மழையைப் பாருங்கள். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். இந்த முறை சிறிய வேளாண் நீர்ப்பிடிப்புகளின் அளவீடுகளிலிருந்து பிறந்தது. ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் ஆற்றுப்படுகைக்கு ஒரே எண்ணைப் போட்டுவிட்டு முடிந்தது என்று நினைப்பது தவறு. பகுதியைச் சிறு துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுக்க வேண்டும்.

எப்போது வரும்

28.3 லட்சம் கன மீட்டர் நீர் பத்து நாளில் வந்தால் அது வெறும் ஓடை. மூன்று மணி நேரத்தில் வந்தால் பேரழிவு. நேரத்துக்கு எதிராக நீரோட்டத்தை வரைந்தால் மலை போல ஏறி இறங்கும் ஒரு கோடு கிடைக்கும். அதற்கு ஹைட்ரோகிராஃப் என்று பெயர். மலையின் உச்சி உச்சப்பெருக்கு. கோட்டுக்குக் கீழே அடங்கும் பரப்பு மொத்த நீர்.

இதன் உருவத்தைத் தீர்மானிப்பது திரளும் நேரம். நீர்ப்பிடிப்பின் தொலைதூர மூலையில் விழுந்த துளி அந்தப் பகுதியின் வெளியேறும் முனைக்கு வந்து சேர எடுக்கும் நேரம் அது. நம் பகுதிக்கு 5 மணி என்று கொள்வோம். அதில் 60 சதவீதம், 3 மணி, பின்தங்கல் நேரம், அதாவது மழையின் நடுப்பொழுதிலிருந்து உச்சம் வரையான இடைவெளி. மழை பெய்த நேரத்தின் பாதி 3 மணி. இரண்டையும் கூட்டினால், மழை தொடங்கி 6 மணி நேரத்தில் உச்சம். முக்கோண வடிவக் கணக்கின்படி உச்சப்பெருக்கு: 0.208ஐப் பரப்பாலும் ஓடும் மி.மீ.யாலும் பெருக்கி, உச்சத்துக்கான நேரத்தால் வகுக்க வேண்டும். 0.208 × 50 × 56.6 ÷ 6. ஏறக்குறைய வினாடிக்கு 98 கன மீட்டர். வளைவு எண் 85 என்றால் இது 137.

இது தாளின் ஓரத்தில் போடும் கணக்கு. மென்பொருள் 6 மணி மழையை ஒரே கட்டியாக எடுக்காது. 10 அல்லது 15 நிமிடத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சின்ன ஹைட்ரோகிராஃபைப் போட்டு, நேரம் தள்ளித் தள்ளி எல்லாவற்றையும் கூட்டும். 1932இல் ஷெர்மன் முன்வைத்த அலகு ஹைட்ரோகிராஃப் கருத்து இதுதான். ஆனாலும் தாள்கணக்கைக் கட்டாயம் போட்டு வையுங்கள். மென்பொருள் 980 என்று காட்டினால் எங்கோ அலகு மாறிப்போயிருக்கிறது என்று அப்போதுதான் உடனே தெரியும். ஏக்கரைச் சதுர கிலோமீட்டராகவோ அங்குலத்தை மில்லிமீட்டராகவோ படித்துவிடுவது இந்தத் துறையில் சலிக்காமல் நடக்கும் பிழை.

மேலே உருவான வெள்ளம் ஆற்றில் கீழே போகப் போக உச்சி தணிந்து அடி அகலும். ஆற்றுப்பள்ளமே ஒரு தற்காலிகத் தொட்டி போல நீரைப் பிடித்து விடுவதால் இப்படி ஆகிறது. இதற்கான எளிய கணக்கு மஸ்கிங்கம் முறை. ஒஹையோவின் மஸ்கிங்கம் ஆற்றுக்காக 1930களில் இராணுவப் பொறியாளர் படையின் மெக்கார்த்தி உருவாக்கியது. இரண்டே எண்கள் போதும். ஒன்று அந்த ஆற்றுத் துண்டைக் கடக்க வெள்ளம் எடுக்கும் நேரம். மற்றது, தங்கும் நீரைக் கணக்கிடும்போது உள்ளே வரும் ஓட்டத்துக்கு எவ்வளவு பங்கு கொடுப்பது என்று சொல்லும், 0க்கும் 0.5க்கும் இடைப்பட்ட ஒரு எடை. இயற்கையான ஆறுகளுக்கு 0.2ஐ ஒட்டி இருக்கும். கடக்கும் நேரம் 3 மணி, எடை 0.2 என்றால் கணக்கின் நேர இடைவெளி 1.2 மணிக்குக் குறையாமலும் 4.8 மணிக்கு மிகாமலும் இருக்க வேண்டும். துல்லியம் கூடும் என்று நினைத்துப் புதியவர் 15 நிமிடம் வைப்பார். வெள்ளம் வரத்தொடங்கும்போது கீழ்முனையில் எதிர்க்குறி நீரோட்டம் வந்து நிற்கும். ஆறு பின்னோக்கி ஓடவில்லை. இடைவெளி எல்லையை மீறிவிட்டது, அவ்வளவே. ஆற்றைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கடக்கும் நேரத்தையும் குறைத்தால் சரியாகிவிடும்.

எவ்வளவு உயரம்

நீரோட்டம் தெரிந்துவிட்டது. நீர்மட்டம்? இங்கேதான் அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேனிங்கின் சமன்பாடு வருகிறது. 1889இல் அவர் முன்வைத்தது, இன்னும் அதைவிடக் கையடக்கமானது வரவில்லை. நீரின் வேகம் மூன்றைப் பொறுத்தது: ஆற்றின் சரிவு, நீர் தொட்டு ஓடும் ஓரத்தோடு ஒப்பிட்டால் நீரின் பரப்பு, தரையின் கரடுமுரடு. கரடுமுரடுக்கு ஓர் எண் உண்டு, மேனிங் எண். வழவழப்பான கான்கிரீட்டுக்கு 0.013. வளைந்து நெளியும் சுத்தமான இயற்கை ஆற்றுக்கு 0.035 முதல் 0.045 வரை. புதர் அடர்ந்த வெள்ளச் சமவெளிக்கு 0.07, 0.1 என்று போகும்.

30 மீட்டர் அகலச் செவ்வகக் கால்வாய், 1000 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு, மேனிங் எண் 0.035. நம் 98 கன மீட்டர் இதில் ஓடினால் ஆழம் 2.3 மீட்டர். கரை 2.6 மீட்டர் என்றால் தப்பித்தோம். அதே கால்வாயில் செடிகொடி வளர்ந்து மேனிங் எண் 0.05 ஆகிவிட்டது என்று வையுங்கள். அதே நீர் இப்போது 2.9 மீட்டர் உயரம் எழும். மழை ஒரு துளி கூடவில்லை, கரை வழிகிறது. தூர்வாராத கால்வாய் என்று மக்கள் குமுறுவதன் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

நிஜ ஆறு செவ்வகம் இல்லை. எனவே நிலத்தின் உயரங்கள் வேண்டும். 2000 பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் தரவு உலகின் பெரும்பகுதிக்குக் கிடைக்கிறது, 30 மீட்டர் கட்டங்களாக. ஆனால் அது மரத்தின் உச்சியையும் கட்டடத்தின் மேற்பகுதியையும் தரை என்று சொல்லும். உயரப் பிழை சில மீட்டர்கள் இருப்பது சாதாரணம். மேலே பார்த்த கால்வாயில் கரை தப்புவதும் வழிவதும் 60 சென்டிமீட்டர் வித்தியாசத்தில் நடந்தது. மலைப்பகுதிப் பெரும் பள்ளத்தாக்குக்கு அந்தத் தரவு ஓரளவு உதவும். தட்டையான சமவெளிக்கு உதவாது. விமானத்திலிருந்து லேசர் கதிர் அனுப்பி எடுக்கும் லைடார் தரவு சில அங்குலத் துல்லியம் தரும். அதிலும் ஒரு பொறி உண்டு. வழக்கமான லைடார் கதிர் நீருக்குள் போகாது. அது காட்டும் ஆற்றுப்படுகை உண்மையில் அன்றைய நீர்மட்டம். படகில் எதிரொலி ஆழமானியோடு போய்ப் படுகையை அளந்து தரவில் செதுக்க வேண்டும். செய்யாவிட்டால் ஆறு இருப்பதைவிட ஆழம் குறைந்ததாகி, மாதிரியில் வெள்ளம் தேவையில்லாமல் மிகையாகும்.

உயரங்களைக் குறிக்கும் அடிப்படை மட்டத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1929இன் பழைய மட்டமும் 1988இன் புதிய மட்டமும் இரண்டுமே கோப்புகளில் புழங்குகின்றன. நாட்டின் மேற்குப் பகுதியில் இரண்டுக்கும் இடையே 1 மீட்டருக்கு மேல்கூட வித்தியாசம் வரும். நிலத்தரவு ஒரு மட்டத்திலும் பாலத்தின் வரைபடம் மறு மட்டத்திலும் இருந்தால், மாதிரியில் பாலம் நீரில் மூழ்கும், நேரில் மூழ்காது. மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது.

1டி, 2டி

பழைய வழி: ஆற்றுக்குக் குறுக்கே, ஓட்டத்துக்குச் செங்குத்தாக, வெட்டுமுகங்கள் எடுப்பது. இரு புறமும் வெள்ளம் எட்டாத மேட்டுநிலம் வரை நீள வேண்டும். பாதியில் முடிந்தால் மென்பொருள் அங்கே ஒரு கண்ணாடிச் சுவரைக் கற்பனை செய்து நீரை அதற்குள் ஏற்றிவிடும். பாலம் இருந்தால் அதற்கு மேலும் கீழும் நான்கு வெட்டுமுகங்கள். பாலத்தின் அணுகுகரைக்குப் பின்னால் நீர் நிற்கும், ஓடாது. அந்தப் பகுதியை ‘ஓட்டத்துக்குப் பயன்படாத பகுதி’ என்று குறித்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆற்றின் திறன் மிகையாகத் தெரியும். இது 1டி, அதாவது ஒரு பரிமாண மாதிரி. குறுகிய பள்ளத்தாக்குக்கு இன்றும் இதுவே வேகமானது, தெளிவானது.

கரை வழிந்து சமவெளியில் நீர் பல திசையில் பரவும்போது 1டி திணறும். அங்கே 2டி, அதாவது இரு பரிமாண மாதிரி. நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் அண்டைக்கும் இடையே போய்வரும் நீரைக் கணக்கிடுகிறது. 1871இல் பிரெஞ்சுப் பொறியாளர் செயிண்ட் வெனான் எழுதிய சமன்பாடுகளின் விரிவுதான் அடிப்படை. எளிமையாகச் சொன்னால் இரண்டே விதி. நீர் காணாமல் போகாது. அதன் உந்தத்தை மாற்றுவது சரிவு, அழுத்தம், உராய்வு மூன்றும்.

கட்டத்தின் அளவும் நேர இடைவெளியும் கைகோத்துப் போக வேண்டும். ஒரு நேர இடைவெளியில் நீர் ஒரு கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது என்பது கொள்கை. நீர் வினாடிக்கு 2 மீட்டர் ஓடுகிறது, கட்டம் 20 மீட்டர் என்றால், நேர இடைவெளி 10 வினாடியை ஒட்டி இருக்கட்டும். கட்டத்தை 10 மீட்டராகக் குறைத்தால் கட்டங்கள் நான்கு மடங்கு, நேர இடைவெளியும் பாதி. மொத்தத்தில் எட்டு மடங்கு வேலை. ஒரு மணி நேரம் ஓடிய மாதிரி இப்போது ஒரு வேலைநாள் முழுக்க ஓடும். ஆகவே எல்லா இடத்தையும் நுணுக்காதீர்கள். ஆறு, சாலைமேடு, மண்கரை இருக்கும் இடங்களை மட்டும் நுணுக்குங்கள்.

மண்கரை என்று சொன்னதும் நின்று பார்க்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. 2டி மாதிரியில் புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. ஹெக்-ராஸில் ஒரு கட்டத்துக்கு ஒரே ஒரு நீர்மட்டம்தான். கட்டத்தின் நடுவில் மண்கரை ஓடினால், கரையின் இந்தப் பக்கம் ஏறும் நீர் மறுபக்கமும் தானாகத் தோன்றிவிடும். கரை ஓட்டைபோல் ‘கசியும்’. திரையில் பார்த்தால் கரை தாண்டுவதற்கு வெகு நேரம் முன்பே ஊருக்குள் நீலத் திட்டுகள் முளைக்கும். தீர்வு, கரையின் உச்சிமீது ஒரு முறிகோடு வரைந்து கட்டங்களின் விளிம்புகள் அந்தக் கோட்டிலேயே வரும்படி செய்வது. விளிம்புகள்தான் நிலத்தின் உயரத்தைப் பார்த்து நீரை விடவும் தடுக்கவும் செய்கின்றன. மாறாக, லைடார் தரவில் பாலத்தின் தளமோ குழாய்ப்பாலத்தின் மேல்மண்ணோ தரையாகப் பதிவாகியிருந்தால் அது ஆற்றை அடைக்கும் அணை ஆகிவிடும். மேல்புறம் ஏரி தேங்கும், கீழ்புறம் காய்ந்து கிடக்கும். பாலத்தின் தளத்தைத் தரவிலிருந்து வெட்டியெடுத்துவிட்டு, பாலத்தை அதற்குரிய தனிக் கருவியாகச் சேர்க்க வேண்டும்.

கீழ்முனையில் என்ன நீர்மட்டம் என்று மாதிரிக்கு நாம்தான் சொல்ல வேண்டும். அது ஊகம்தான் பெரும்பாலும். ஊகத்தின் பிழை மேல்நோக்கிப் பரவும். எவ்வளவு தூரம் என்பதற்கு ஒரு கைக்கணக்கு: ஆழத்தை 0.7ஆல் பெருக்கிச் சரிவால் வகுங்கள். 2.3 மீட்டர் ஆழம், 1000க்கு 1 சரிவு என்றால் 1.6 கிலோமீட்டர். அதே ஆழம், 10,000க்கு 1 சரிவுள்ள தட்டையான டெல்டா என்றால் 16 கிலோமீட்டர். நீங்கள் கவலைப்படும் ஊர் அந்தத் தூரத்துக்குள் இருந்தால் மாதிரியின் எல்லையை இன்னும் கீழே நகர்த்துங்கள்.

ஓடி முடிந்ததும் முதலில் திறக்க வேண்டியது படத்தை அல்ல, நீர்க்கணக்குப் பதிவேட்டை. உள்ளே வந்த நீர், வெளியே போன நீர், தங்கிய நீர் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பிழை 1 சதவீதத்தைத் தாண்டினால் நேர இடைவெளியைக் குறைத்தோ கட்டங்களைச் சீராக்கியோ மறுபடி ஓட்டுங்கள்.

சரிபார்ப்பு

நடந்து முடிந்த ஒரு வெள்ளத்தை மாதிரியில் மறுபடி ஓடவிட்டு, அளவைநிலையப் பதிவோடும் சுவர்களில் படிந்த சேற்றுக் கோடுகளோடும் ஒப்பிட வேண்டும். பொருந்தாவிட்டால் மேனிங் எண்ணைச் சற்று ஏற்றி இறக்கிப் பார்ப்பது வழக்கம். இதற்கு ஓர் எல்லை உண்டு. சுத்தமான கால்வாய்க்கு 0.15 என்று போட்டால்தான் பொருந்துகிறது என்றால் பிழை மேனிங் எண்ணில் இல்லை. படுகை அளவிலோ உள்ளே விட்ட நீரோட்டத்திலோ இருக்கிறது. அங்கே போய்த் தேடாமல் எண்ணை இழுத்துப் பொருத்துபவர், அடுத்த வெள்ளத்தில் தவறுவதற்கான மாதிரியைத் தயார் செய்கிறார். அதனால்தான் ஒரு வெள்ளத்தில் பொருத்தியபின், எண்களைத் தொடாமல், வேறொரு வெள்ளத்தில் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள்.

அளவைநிலையம் காட்டும் நீரோட்டத்தையும் கண்மூடி நம்ப வேண்டாம். பெரும்பாலான நிலையங்கள் அளப்பது நீர்மட்டத்தை மட்டுமே. அதை ஒரு வளைகோட்டின் மூலம் நீரோட்டமாக மாற்றுகிறார்கள். பெருவெள்ளத்தின் நடுவே ஆற்றில் இறங்கி அளந்தவர் அரிது என்பதால், வளைகோட்டின் மேல்நுனி நீட்டி வரைந்த ஊகமாகவே இருக்கும். நாம் எதோடு ஒப்பிடுகிறோமோ அதுவே உச்சியில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளி இருக்கலாம்.

‘நூறாண்டு வெள்ளம்’ என்ற சொல்லையும் இங்கே தெளிவாக்கிவிடலாம். நூறாண்டுக்கு ஒருமுறை வரும் என்று பொருள் இல்லை. எந்த ஆண்டிலும் 1 சதவீத வாய்ப்பு என்பதே பொருள். சென்ற ஆண்டு வந்தது இந்த ஆண்டும் வரலாம். 30 ஆண்டு ஓரிடத்தில் இருந்தால் அதைச் சந்திக்கும் வாய்ப்பு 26 சதவீதம், நான்கில் ஒன்றுக்கும் மேல். 40 ஆண்டுப் பதிவை வைத்து நூறாண்டு வெள்ளத்தைக் கணிக்கும்போது ஒற்றை எண்ணை எழுதாமல் மேல்வரம்பும் கீழ்வரம்பும் சேர்த்து எழுதுவதுதான் நேர்மை.

அணை உடைந்தால்

இராணுவப் பொறியாளருக்கு இது தனிப்பாடம். மழைக்கணக்கு இங்கே வேண்டியதில்லை. உடைப்பின் அகலம், அது முழுதாக உருவாக எடுக்கும் நேரம், பக்கச்சரிவு, நீர்த்தேக்கத்தில் அப்போது இருந்த நீர் ஆகியவையே தேவை. வளைவுக் கான்கிரீட் அணை சில நிமிடங்களில் போய்விடும். மண் அணையை நீர் அரித்து அரித்துத்தான் திறக்கும். 1976 ஜூன் 5, ஐடஹோவின் டீட்டன் அணை, சுமார் 93 மீட்டர் உயரம், முதல்முறையாக நிரம்பிக்கொண்டிருந்தது. காலையில் கசிவு தெரிந்தது. 11:55க்கு அணையின் உச்சி இடிந்து விழுந்தது. உடைப்பு உருவாகும் நேரத்தை அரை மணி என்றும் இரண்டு மணி என்றும் மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். அணைக்கு அருகே உச்சப்பெருக்கு பெரிதும் மாறும். பல பத்துக் கிலோமீட்டர் கீழே போனபின் வித்தியாசம் குறைந்துவிடும், ஏனென்றால் பள்ளத்தாக்கு உச்சியைத் தட்டையாக்கிவிடுகிறது. எந்த எண்ணுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும் என்பது, நீங்கள் காக்கவேண்டிய இடம் அணையிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதைப் பொறுத்தது.

களத்தில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டியது வண்ணப்படம் அல்ல, சில எண்கள். முதல் நீர் எப்போது வரும். உச்சம் எப்போது. ஆழமும் வேகமும் எவ்வளவு. ஆழத்தை மீட்டரிலும் வேகத்தை வினாடிக்கு மீட்டரிலும் எடுத்துப் பெருக்கினால் வருவது ஆபத்தின் அளவு. ஆஸ்திரேலிய வழிகாட்டிகள் பெரியவர்களுக்கு 0.6, குழந்தைகளுக்கு 0.4, சிறிய காருக்கு 0.3 என்று வரம்பு வைக்கின்றன. முழங்கால் அளவு நீர்தானே என்று இறங்குபவரை ஆழத்தைவிட வேகம்தான் சாய்க்கிறது. மிதவைப் பாலத்திலும் அப்படியே. ஓட்டம் வேகம் எடுக்க எடுக்க, அது தாங்கும் வாகன எடை குறைகிறது.

கடைசியாக, எப்போது வடியும். இதைப் பலரும் மாதிரியில் ஓட்டிப் பார்ப்பதே இல்லை. உச்சம் தாண்டியதும் கணினியை நிறுத்திவிடுகிறார்கள். மழைவெள்ளத்தின் வால்பகுதி ஒரு சீரான விகிதத்தில் குறையும். நாளுக்கு 0.8 மடங்கு என்றால் 200, 160, 128 என்று போகும். 50க்குக் கீழே இறங்க 7 நாள் ஆகும். தேக்கத்திலிருந்து வால்வு வழியே வழியும் நீருக்கு வேறு கணக்கு: மிஞ்சியிருக்கும் நீரை, மட்டம் இறங்க இறங்கக் குறையும் வெளியேற்றத்தால் படிப்படியாக வகுத்துக்கொண்டே போக வேண்டும். ரோயர் ஆற்றங்கரையில் அமெரிக்கப் பொறியாளர்கள் 1945இல் போட்டது இந்த இரண்டாவது கணக்கு. நீர்த்தேக்கம் 24ஆம் தேதி வாக்கில் காலியாகும் என்று வந்தது. 9ஆம் படையின் தளபதி சிம்ப்சன் அதற்கு ஒரு நாள் முன்னதாக, 23ஆம் தேதி அதிகாலையில், வேகம் இன்னும் முழுதாகத் தணியாத ஆற்றில் படகுகளை இறக்கினார். நீர் வடியட்டும் என்று எதிரியும் காத்திருந்த நேரம் அது.